அக்கா ஒப்பித்த எழுத்துப் பலகை

என் அக்காவின் இடது கண் போனதற்கு என்ன காரணம் என்று கேட்டால் டாக்டர் ஒரு வியாதியின் பெயரைச் சொல்வார். படித்தவர், சரியாகத்தான் சொல்வார். எனக்கு அந்த வியாதி மேல் கோபம் கிடையாது. அது மனிதன் இல்லை, அதைத் திட்டி என்ன பயன்? என் கோபமெல்லாம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் கேன்டீன் சுவரில் வருஷத்துக்கு ஒரு தடவை மாட்டுகிற வெள்ளைப் பலகை மேல்தான். அதை மாட்டியவர்கள் மேலும்தான்.

நான் ஈஜிபுராவில் பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அக்கா ஆனேக்கல்லில் இருக்கிறாள். மாமா இறந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று. அக்கா ரொம்ப வருஷமாகக் கார்மென்ட்ஸில் டெய்லர். சட்டைக் காலர் தைக்கிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். ஞாயிற்றுக்கிழமை சில சமயம் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருவாள்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நான் பெட்ரோலில் கழுவி வைத்திருந்த தட்டை உதைத்துத் தள்ளினாள். நட்டு, போல்ட், ஜெட் எல்லாம் சாக்கடையில் போய்விட்டது. கத்தினேன்.

"கண்ணு எங்க இருக்குது உனக்கு? இவ்ளோ பெரிய தட்டு தெரியலயா?"

"நடக்கிற வழில வெச்சா யாரா இருந்தாலும் உதைப்பாங்கடா. கடையா இது, குப்பைத் தொட்டி."

அதே நாள் டீ குடிக்க வெளியே போகும்போது, நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டர் மேல் நேராகப் போய் இடித்துக்கொண்டாள். ஸ்கூட்டரும் இடது பக்கம், காலையில் தட்டும் இடது பக்கம். வண்டியில் ஒரே பக்கத்து டயர் மட்டும் தேய்ந்தால் என்ன செய்வேன்? உள்ளே பார்ப்பேன். அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு அவள் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனரை நீட்டினேன்.

"இது என்னா?"

"எது?"

"என் கையில இருக்கறது."

தலையை முழுசாகத் திருப்பிய பிறகுதான் சொன்னாள். "ஸ்பேனர். இதுக்கு எதுக்குடா இவ்ளோ பில்டப்பு?"

"கண்ணுல என்னமோ கோளாறு இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போடா. கம்பெனில இப்பதான் கண் டெஸ்ட் பண்ணாங்க. பாஸ்."

பாஸ். அந்த ஒரு வார்த்தைதான் என் வாயை அடைத்தது. டெஸ்ட் பண்ணியிருக்கிறார்கள், பாஸாகியிருக்கிறாள், பிறகு நான் யார் சொல்ல? ஆனால் ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர் டம்ளருக்காக இடது பக்கம் கையை விட்டுத் துழாவினாள். அடுத்த வாரம் லீவு போடச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சண்டை. ஒரு நாள் லீவுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடுமாம்.

போனது ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. அங்கே முதல் கோபம் வரிசையிலேயே வந்தது. இங்கே போ, அங்கே போ, அந்த நாற்காலியில் உட்கார், பச்சைக் கதவுக்கு எதிரே நில். எதற்கு என்று ஒருத்தரும் சொல்வதில்லை. கையில் ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டு ஆட்டு மந்தை மாதிரி நகர்த்துகிறார்கள். சொல்லியிருந்தால் அக்கா பாதி பயந்திருக்க மாட்டாள். அவர்கள் சொல்லாததை நானாவது சொல்லிவிடுகிறேன். போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு மிஷின் முன்னால் உட்காரவைப்பார்கள். தாடையை ஒரு தட்டில் வைத்து, நெற்றியை ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே தூரத்தில் ஒரு படம் தெரியும், மங்கி மங்கித் தெளிவாகும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே கண்ணின் பவரை உத்தேசமாக அளந்துகொள்ளும். அடுத்த மிஷின் கண்ணில் புஸ்ஸென்று காற்று ஊதும். கண்ணுக்குள் இருக்கிற பிரஷரைப் பார்க்க அது. வலிக்காது, ஆனால் எதிர்பார்க்காதபோது ஊதும். அக்கா "ஐயோ" என்று நாற்காலியோடு பின்னால் போனாள்.

"ஏனில்லா அம்மா, காளி அஷ்டே," என்றான் மிஷின் பையன். ஒன்றுமில்லை, வெறும் காற்று என்கிறான்.

அக்காவுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். "காளின்னு மொதல்ல ஹேள பேக்கல்லப்பா," என்று அவனை ஒரு பிடி பிடித்தாள். முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வாய் இன்னும் நன்றாக இருக்கிறது.

மூன்றாவதுதான் எழுத்து வாசிக்கிற அறை. இருட்டாக, நீளமாக, கடைசியில் ஒரு டி.வி. திரை. சோதிக்கிற பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். அக்கா முகத்தில் கனமான ஒரு இரும்புக் கண்ணாடியை மாட்டி, இடது கண்ணைக் கறுப்புத் தகடால் மூடினாள்.

"இங்கிலீஷா, கன்னடமா, நம்பராம்மா?"

"இங்கிலீஷ்," என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஐந்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பஸ் போர்டில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தைக்கூட என்னைத்தான் கேட்பாள்.

பெண் பட்டனை அமுக்கினாள். திரையில் வெளிச்சம் வந்தது. அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு, மூச்சு விடாமல், ராகம் போட்டு ஆரம்பித்தாள்.

"ஈ, எஃப் பி, டி ஓ இசட், எல் பி ஈ டி, பி ஈ சி எஃப் டி..."

"அம்மா, அம்மா, நிறுத்துங்க." அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நான் ஒரே ஒரு எழுத்துதான் காட்டியிருக்கேன். நீங்க அஞ்சு வரி படிச்சிட்டீங்க."

நானும் சிரித்தேன். என்ன செய்வது, சிரிப்பு வந்தது. அக்கா கோபமாக என் பக்கம் திரும்பி, "என்னடா பல்ல காட்டற? எல்லா எடத்துலயும் இதானே இருக்கும்?" என்றாள்.

பெண் நம்பருக்கு மாற்றினாள். வலது கண்ணால் அக்கா நம்பர்களைப் படபடவென்று படித்தாள். கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் போனாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றாகத் தெரிகிறது என்று சொன்னால் போதும். அக்கா அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள்.

பிறகு தகடு வலது கண்ணுக்கு மாறியது.

அக்கா முன்னால் குனிந்து பார்த்தாள். தலையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"படிங்கம்மா."

"லைட்ட போடும்மா மொதல்ல. டி.வி.ய ஆஃப் பண்ணிட்டு படின்னா எப்படி?"

டி.வி. எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பெரிய எட்டு, என் உள்ளங்கை அகலத்துக்கு, திரை நடுவில் நின்றது. அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. கிட்டே வந்து, அக்கா முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். "கை ஆடறது தெரியுதாம்மா?"

"ஏதோ நிழல் மாதிரி," என்றாள் அக்கா, ரொம்ப மெதுவாக.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பாட்டு என்னா பாட்டு?"

சொன்னாள். கம்பெனியில் வருஷா வருஷம் கண் டெஸ்ட் நடக்கும். வெளியிலிருந்து கண்ணாடிக் கடை ஆள் ஒருத்தன் வந்து, கேன்டீன் சுவரில் பலகையை மாட்டுவான். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. லைனில் பாதிப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கன்னடம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எந்த எழுத்துமே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலகையைப் படிக்காவிட்டால் கண் சரியில்லை என்று மிஷினிலிருந்து எடுத்து ஹெல்பராகப் போட்டுவிடுவார்கள். நூல் வெட்டுகிற வேலை, சம்பளமும் குறைவு. இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னால் கேட்க அங்கே ஆள் இல்லை. அதனால் படித்த ஒரு பெண்ணிடம் எழுத்துகளைக் கேட்டுப் பாட்டாக்கிக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வேனில் போகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வருஷம் மாறினாலும் பலகை மாறுவதில்லை.

"சொல்லிக்கொடுக்கறது யாரு?"

"நான்தான்," என்றாள். இப்போதும் குரலில் லேசாகப் பெருமை. "எனக்குதான் ராகம் வரும்."

"கண்ண மூடச் சொல்ல மாட்டானா அவன்?"

"கையால மூடிக்கணும். மொதல்ல இந்தக் கண்ணு, அப்பறம் அந்தக் கண்ணு. எதை மூடினா என்னா, பாட்டு ஒண்ணுதானே? அவன் செல்போனப் பாத்துட்டே டிக் அடிப்பான்."

எழுத்து தெரியாதவர்களுக்கென்றே நம்பர் பலகை இருக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டுகிற படப் பலகையும் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் வைத்திருந்தார்கள். இதைக் கொண்டுவர அந்தக் கண்ணாடிக்கடைக்காரனுக்கு என்ன கேடு? கொண்டுவரச் சொல்ல அந்தக் கம்பெனிக்கு என்ன கேடு? கண்ணைப் பார்க்க வந்தானா, இங்கிலீஷ் பரீட்சை வைக்க வந்தானா? ஒரு சட்டைக் காலர் நூல் அளவு கோணினால் திருப்பி அனுப்புகிறார்கள். தைக்கிறவளின் கண் கோணினது மட்டும் ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

டாக்டர் ஒரு பெண்மணி. மறுபடியும் தாடையை வைக்கிற மிஷின், இந்தத் தடவை ஒரு கூர்மையான வெளிச்சம் கண்ணுக்குள் போகும். மரத்துப்போகிற சொட்டு விட்டு, நீல விளக்கு ஒன்றைக் கண்ணின் மேலேயே தொடவைத்து பிரஷரைத் திரும்பவும் அளந்தார். தொட்டது அக்காவுக்குத் தெரியக்கூட இல்லை. பிறகு இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கே கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கிற புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது மினுக்கென்று வெளிச்சம் வந்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். இது பரீட்சை மாதிரிதான் தெரியும். சில வெளிச்சங்கள் யாருக்குமே தெரியாத அளவு மங்கலாக வரும், விட்டுவிட்டோமே என்று பதற வேண்டியதில்லை. இதையும் அங்கே யாரும் சொல்லவில்லை. அக்கா பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். தெரிந்தாலும் அமுக்கினாள், தெரியாவிட்டாலும் அமுக்கினாள். பாஸாக வேண்டுமே. அந்த அறை ஆள் மறுபடியும் முதலிலிருந்து செய்யவைத்தான்.

"யக்கா, இங்க ஃபெயில் பண்ண மாட்டாங்க," என்று நான் கத்தின கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "பொய் சொன்னா போறது உன் கண்ணுதான்."

இரண்டாவது தடவை அழுதுகொண்டே ஒழுங்காக அமுக்கினாள்.

பிறகு கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு. கொஞ்சம் எரியும். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். திறந்தால் வெளிச்சம் குத்தும், கிட்டே இருக்கிற எதுவும் தெரியாது. சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக்கூடாது. அக்கா தன் கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"வா போலாம். வரும்போது ஒரு கண்ணாவது தெரிஞ்சுது. இவங்க அதையும் கெடுத்துட்டாங்க."

"உக்காரு."

"கண்ணாடி குடுத்தா வாங்கிட்டுப் போய்டலாம்டா. நாளைக்கு ஷிப்டு இருக்குது."

"உக்காருன்னா உக்காரு. இல்லன்னா உன்ன இங்கயே விட்டுட்டுப் போய்டுவேன். கண்ணு தெரியாம எந்த பஸ்ல ஏறறன்னு பாக்கறேன்."

பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "தம்பிக்கு வாய் ஜாஸ்தி, ஆனா மனசு நல்லது போல," என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "மனசும் அப்படித்தான்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார் என்று கண்ணின் பின்பக்கம் முழுக்கப் பார்த்தார். பிறகு சொன்னார். க்ளாக்கோமா. கண்ணுக்குள் ஓடுகிற தண்ணீர் வெளியேறும் வழி சரியில்லை. பிரஷர் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. வலி இருக்காது. இடது கண் போனது போனதுதான், ஆபரேஷன் பண்ணினாலும் திரும்பாது. வலது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது. தினமும் சொட்டு மருந்து போட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து காட்டிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்றலாம்.

"வலிச்சிருந்தா வந்திருப்பேனே," என்றாள் அக்கா.

நான் கேன்டீன் கதையைச் சொல்லிக் கத்தினேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "சார்ட் ஒண்ண வெச்சு இத ஆரம்பத்துல கண்டுபிடிக்க முடியாது. நேரா பாக்கறது கடைசிலதான் போகும். பிரஷர் பாத்து, நரம்பப் பாத்திருக்கணும். ஆனா, அவங்க நம்பர் சார்ட் வெச்சிருந்தா, கொஞ்சம் முன்னாடியே இங்க வந்திருப்பீங்க. வலது கண்ணுக்கு அது நல்லதா இருந்திருக்கும்."

அந்தக் கொஞ்சம் எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கம்பெனி வாசலில் போய் எதையாவது உடைத்திருப்பேன்.

"இவங்களுக்கு நீங்க என்ன ஆகணும்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"கூடப் பொறந்தவன்."

"அப்ப நீங்களும் பாத்துக்கணும். இது குடும்பத்துல வரும். இன்னைக்குப் பிரஷராவது பாத்துட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஸ்பார்க் பிளக்ல நூலளவு கேப்ப கண்ணாலயே அளப்பேன்."

"நானும் பாஸ்னுதான் சொன்னேன்," என்றாள் அக்கா.

போய் உட்கார்ந்தேன். காற்று ஊதுகிற மிஷின் முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டேன். பையன் மறுபடி மறுபடி திறக்கச் சொன்னான். பின்னாலிருந்து ஒன்றும் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு அக்கா சிரித்தாள். "ஊருக்கே சத்தம் போடுவான், காத்துக்குப் பயப்படறான் பாரு." எனக்குப் பிரஷர் சரியாக இருந்தது. வேறொரு நாள் வந்து முழுசாகப் பார்த்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன்.

அக்கா கம்பெனியில் ஒன்றும் சொல்லவில்லை. வலது கண்ணை வைத்துக்கொண்டே காலர் தைத்தாள், ஒரு காலர் கூடத் திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த வருஷத்துக் கண் டெஸ்ட் வந்தது. வேனில் புதுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வழக்கம்போலப் பாட்டு சொல்லிக்கொடுக்கச் சொல்லி மற்றவர்கள் கேட்டார்கள். அக்கா முடியாது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போங்கடி, இந்தப் பாட்டு வேணாம் என்றாள். வேனே அவள் மேல் பாய்ந்தது.

"உனக்குக் கண்ணு போச்சுன்னா எங்க வேலையும் போகணுமா யக்கா?"

அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. லீவு போட்டால் பணம் போகும், பலகையில் ஃபெயிலானால் மிஷின் போகும். பாட்டை இன்னொருத்தி சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

கேன்டீனில் அக்காவின் முறை வந்தது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். பலகை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. பாட்டு நுனி நாக்கில் இருந்தது என்றாள் என்னிடம். "ஒண்ணும் தெரியல," என்று சத்தமாகச் சொன்னாள். செல்போனிலிருந்து அந்த ஆள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தானாம். அவளுக்கு அடுத்து நின்றவள் முழுப் பாட்டையும் பாடி பாஸாகிவிட்டுப் போனாள். மறுநாள் அக்காவை மிஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேஜையில் போட்டார்கள்.

போனில் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒழுங்கா தைச்சிட்டுதானே இருந்த? யாரு உன்ன உண்மைய பேசச் சொன்னது?"

"நீதான்டா. அந்த வராந்தால கத்தினியே."

நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஹெச்.ஆர். பையன் கேட்டுக்கு வெளியே வந்து இங்கிலீஷில் சொன்னான். தமிழில் நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. கேன்டீன் வரிசையில் அவளுக்கு அடுத்து நின்று பாடினாளே, அந்தப் பெண். "யக்கா, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?" என்று கேட்டாள். எனக்கே காதில் விழுந்தது. அக்கா பஸ் நம்பரைச் சொன்னாள், இறங்குகிற ஸ்டாப்பைச் சொன்னாள். சொட்டு விடுவாங்க, கண்ணு மங்கும், பயந்து ஓடிடாதே, துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போ என்றாள். பட்டனை மட்டும் சும்மா சும்மா அமுக்காதே என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சாயங்கால மருந்தை எடுத்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, முதல் சொட்டைக் குறி தப்பிக் கன்னத்தில் விட்டாள், இரண்டாவதைக் கண்ணில் விட்டாள். மருந்து உள்ளே இறங்குகிறவரை கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். உடனே திறக்கக் கூடாது. மூடிய கண்ணோடு உதட்டுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஈ, எஃப் பி, டி ஓ இசட்.

"உனக்கு வேற பாட்டே கெடைக்கலயா?" என்று எரிந்து விழுந்தேன்.

விரலை எடுக்காமலே சொன்னாள். "மெதுவா நாலு தடவை சொன்னா நேரம் சரியா இருக்குதுடா. கத்தாத, மூணாவதுல இருக்கேன்."